பாட்டையா வீட்டுக் குரூப்: சித்தப்பா ஜூஸும் அத்தை காலும்

சித்தப்பா தாராவி: 📷 ஃபைவ் கார்டன்ல வாக்கிங் முடிச்சிட்டு இந்த ஜூஸ்தான் குடிக்கேன், பாகற்கா சுரைக்கா நாவக்கொட்டை எல்லாம் சேத்து அடிச்சு குடுக்கான், கூட இந்த டப்பா பவுடர் ஒரு ஸ்பூன். வெறும் வயித்து சுகர் 160 இருந்தது இப்ப 98. நம்ம குடும்பத்துல பாதிப் பேருக்கு சுகர், அதான் போட்டேன். டப்பா 900 ரூவா, மொத்தமா எடுத்தா கொறச்சுத் தாரேங்கான்

அத்தை செம்பூர்: எனக்கு ரெண்டு டப்பா சொல்லி வைய்யா. இங்கிலீஷ் மாத்திர தின்னு தின்னு பாதம் மரத்துப் போச்சு, பஞ்சு மேல நடக்க மாதிரி இருக்கு

தம்பி ஐரோலி: சூப்பர் சித்தப்பா 👏

நான்: சித்தப்பா ஒண்ணு கேக்கேன், பவுடர் போட்டுக்கிட்டே காலைல கிளிமிபிரைடு சுகர் மாத்திரையும் போடுதீங்களா இல்ல டாக்டர் அத மாத்திட்டாங்களா

சித்தப்பா தாராவி: அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. இது மூலிகைதானம்மா

சித்தி தாராவி: நேத்து தாதர் ஸ்டேஷன்ல வேர்த்துக் கொட்டி கை நடுங்கி உக்காந்துட்டாங்க, வெயில்னு நெனச்சேன். இன்னைக்கும் மூஞ்சி ஒரு மாதிரிதான் இருக்கு

நான்: சித்தி இப்பவே மீட்டர எடுத்து குத்திப் பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்

சித்தி தாராவி: 64

நான்: மூணு டீஸ்பூன் சீனி தண்ணில கரைச்சு உடனே குடுங்க, சுகர் ஃப்ரீ மாத்திரைய போட்டுராதீங்க அது வேலைக்கு ஆகாது. 70க்கு கீழ போனாலே லோ சுகர்தான். 15 நிமிஷம் கழிச்சு திரும்பக் குத்துங்க. பேச்சு கொளறுனாலோ மயங்குனாலோ வாயில எதுவும் ஊத்தக் கூடாது, நேரா ஆஸ்பத்திரி

மதினி முலுண்ட்: ஐயோ என்னாச்சு

நான்: மதினி, கிளிமிபிரைடு கணையத்த இன்சுலின் சுரக்கச் சொல்லித் தள்ளிக்கிட்டே இருக்கும், சுகர் ஏற்கெனவே எறங்கிருச்சுன்னு அதுக்குத் தெரியாது. பாகற்கா, வெந்தயம், சிறுகுறிஞ்சான் இதெல்லாமும் தன் பங்குக்கு கொஞ்சம் சுகர இறக்குறதுதான். மூலிகை வேலையே செய்யாதுன்னு நான் சொல்லல, வேலை செய்யுறதுனாலதான் பயமே, மருந்து மேல இன்னொரு மருந்து ஏறுது ஆனா டாக்டருக்குத் தெரியாது

சித்தி தாராவி: 91 இப்ப. முகம் தெளிஞ்சிருச்சு

நான்: அப்பாடா. இட்லியோ சப்பாத்தியோ குடுங்க, சாப்பாட்ட தள்ளிப் போடாதீங்க. அந்த மாத்திரை நாள் பூரா உள்ள வேலை பாக்கும், மறுபடியும் இறங்கும், அதனால அப்பப்ப குத்திப் பாருங்க. டாக்டருக்கு இன்னைக்கே ஃபோன் போட்டு நாளைக்கு டோஸ் என்னன்னு கேளுங்க, நீங்களா நிறுத்தவும் வேண்டாம்

சித்தப்பா தாராவி: சைட் எஃபெக்டே கிடையாதுன்னு டப்பாலயே போட்டிருக்கேம்மா

நான்: டப்பாவோட பின்பக்கம் ஒரு ஃபோட்டோ போடுங்க

சித்தப்பா தாராவி: 📷

நான்: சித்தப்பா இதுல என்ன மூலிகை எத்தன கிராம்னு இல்ல, தயாரிப்பு லைசென்ஸ் நம்பர் இல்ல, யார் செஞ்சாங்கன்னு விலாசமும் இல்ல. சுகர வேரோட ஒழிக்கும்னு மட்டும் பெருசா இருக்கு. சுகர குணமாக்கும்னு விளம்பரம் பண்றதே 1954 சட்டப்படி குற்றம், அந்தப் பட்டியல்ல நீரிழிவும் இருக்கு. நான் மெடிக்கல்ல நிக்கேன், இந்த மாதிரி டப்பா கேட்டு தினம் ஆள் வருது, அதான் இவ்வளவு சொல்லுதேன். மூலிகைன்னு வித்த சரக்குல கிளிபென்கிளமைடுங்கிற இங்கிலீஷ் சுகர் மாத்திரைய பொடிச்சுக் கலந்திருந்தத பல நாட்டுல புடிச்சிருக்காங்க. 2008ல ஒரு ஆய்வுல ஆன்லைன்ல வித்த ஆயுர்வேத மருந்து 193 எடுத்து சோதிச்சதுல அஞ்சுல ஒண்ணுல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்துச்சு. சித்த மருந்து வேணும்னா படிச்ச சித்த டாக்டர்ட்ட போவோம், நானே கூட்டிட்டுப் போறேன், ஆனா நீங்க போடுற இங்கிலீஷ் மாத்திர சித்த டாக்டருக்குத் தெரியணும், அவர் குடுக்குறது நம்ம இங்கிலீஷ் டாக்டருக்குத் தெரியணும்

தம்பி ஐரோலி: அக்கா அப்ப ஜூஸ் மட்டுமாவது குடிக்கலாமா

நான்: பாகற்காய வதக்கி சோத்தோட தின்னா நல்லதுதான்டா, அது சாப்பாடு. டம்ளர் டம்ளரா ஜூஸா இறக்குறது வேற அளவு. அதுலயும் சுரைக்கா ஜூஸ்தான் எனக்கு பயம். சில சுரைக்கா கசக்கும், அந்தக் கசப்பே விஷம், 2010ல டெல்லில ஒருத்தர் அப்படி ஜூஸ் குடிச்சு இறந்தே போனாரு, கசந்தா ஒரு வாய் கூட குடிக்காதீங்கன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) குழு சொல்லிச்சு. பாகற்காயோட சேத்து அடிச்சா எது கசக்குதுன்னு எப்படிடா கண்டுபுடிப்ப

அத்தை செம்பூர்: எனக்கு டப்பா வேண்டாம்மா. காலுக்கு என்ன செய்ய

நான்: அத்தை நீங்க மெட்ஃபார்மின் சுகர் மாத்திர எத்தனயோ வருஷமா போடுதீங்க, கறி மீனும் விட்டுட்டீங்க. அந்த மாத்திர நாள்பட பி12 வைட்டமின் உடம்புல சேர்றத கொறைக்கும், அது கெடைக்கிற கறி மீனும் இப்ப இல்ல. பி12 கொறஞ்சா கால் மரத்துப் போகும், சுகர்னால நரம்பு கெட்டாலும் இதே மாதிரிதான் மரக்கும், பாத்துச் சொல்ல முடியாது. அதனால முதல்ல ரத்தத்துல பி12 பாக்கணும், அப்புறந்தான் மாத்திரையோ ஊசியோ. முன்னாடியே மாத்திர போட்டா நம்பர் ஏறி உண்மை தெரியாமப் போயிரும். வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிப் போட்டுராதீங்க, ரத்தசோக தேறுன மாதிரி தெரியும், நரம்பு உள்ள கெட்டுக்கிட்டே இருக்கும்

மதினி முலுண்ட்: எனக்கு வைட்டமின் டி கம்மின்னு சொன்னாங்க, அது போட்டா சுகர் வராதாமே?

நான்: கம்மியா இருந்தா எலும்புக்காக கண்டிப்பா போடுங்க மதினி. ஆனா சுகர் வராமத் தடுக்குமான்னு சுகர் வர்ற பார்டர்ல இருந்த 2423 பேருக்கு தினமும் 4000 யூனிட் குடுத்துப் பாத்தாங்க, 2019ல முடிவு வந்துச்சு, சொல்லும்படியா வித்தியாசம் வரல. ஆமா முடிக்கு பயோட்டின் வைட்டமின் மாத்திர போடுதீங்கள்ல? தைராய்டு டெஸ்ட் முன்னாடி லேப்ல சொல்லிருங்க, அது ரிசல்ட்ட மாத்திரும். அத்தான் கையில சுகர் பாக்குற சென்சார் ஒட்டிருக்காங்கன்னா வைட்டமின் சி பெரிய மாத்திரையும் யோசிச்சுப் போடச் சொல்லுங்க, சில சென்சார்ல சுகர் கூடுதலாக் காட்டும்

சித்தப்பா தாராவி: டாக்டர் ஃபோன எடுத்துட்டாரு. நாளைக்கு மாத்திரைய பாதியாக்கி, சாயங்காலம் நேர்ல வரச் சொல்லுதாரு. டப்பாவையும் கொண்டு வரணுமாம்

நான்: நல்லது சித்தப்பா. ஜூஸ்கார அண்ணன்ட்ட ரெண்டு நாள் வேண்டாம்னு சொல்லிருங்க. அத்தை, காலைல ஏழு மணிக்கு செம்பூர் வாரேன், லேப் சீட்ட எடுத்து வைங்க