சபையில் நடந்து, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்றை எழுதுங்கள்

தேரிக்காட்டான்

அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பொருளைக் கோயிலில் ஏலம் விடுவது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த வருஷம் பொருளைத் தூக்கிக் காட்டும் வேலை எனக்கு. வாழைத்தார், பூசணி எல்லாம் போன பிறகு ஒரு கோழி வந்தது. பின் தெருவில் தனியாக இருக்கும் ஆச்சி கொண்டுவந்தது. பேரனுக்குக் காய்ச்சல் இறங்கினால் தருவதாகச் சாமியிடம் நேர்ந்துகொண்ட பொருத்தனை. அவர்களிடம் இருந்ததே மூன்று கோழி. ஏலம் 300-ல் ஆரம்பித்து 2,100 வரை போனது. எடுத்தவர் சென்னையிலிருந்து பண்டிகைக்கு வந்த ஒரு அண்ணன், நல்ல மனசுக்காரர். பணத்தைக் கட்டிவிட்டு, "கோழியை ஆச்சிக்கே கொடுத்துரு தம்பி" என்றார். அதை மைக்கிலும் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஆச்சி கை நீட்டவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சாமிக்குன்னு கொடுத்ததத் திரும்ப வாங்கச் சொல்லுதியா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். கைதட்டல் நிற்கவில்லை. கோழியின் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. 11 வருஷம் ஆகிறது. அந்தத் துடிப்பு இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

ஆற்றங்கரை மருமகள்

2023 டிசம்பர் 17, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை. எங்கள் தெரு தாமிரபரணிக் கரை. கோயிலில் கிறிஸ்மஸ் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வாங்கிய அரிசி பருப்பை மாடிக்கு ஏற்றியிருந்தார்கள், அதனால் பிழைத்தோம். கரண்ட் இல்லை, போன் இல்லை. எந்தத் தெரு, எந்த மதம் என்று பார்க்காமல் எல்லாரும் அந்த மாடியில்தான்.

பரிமாறியது யார் என்றால், திருமண்டலத் (பல சபைகள் சேர்ந்த நிர்வாகம்) தேர்தலில் என் மாமா எதிரணியில் நின்றதிலிருந்து ஆறு வருஷமாக எங்கள் வீட்டோடு பேசாத மதினி. என் இலைக்கு முன்னால் வந்ததும் கரண்டி நின்றது. "புள்ளைக்குக் காரம் ஆகாதுல்லா" என்று சொல்லி, தனியாக எடுத்து வைத்திருந்த பருப்பை மகளுக்கு ஊற்றினார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு வருஷம் பேசாதவர்களுக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது.

வெள்ளம் வடிந்ததும் மறுபடி பேச்சு இல்லை. நான் போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை.

உபதேசியார் மகன்

தேரிக்காட்டான் தம்பி, கோபிக்கக் கூடாது. நல்ல மனசுக்காரர் என்கிறீர்கள், சரி. ஆனால் அந்த ஏலமே இருக்கக் கூடாது. எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் ஐயரின் கீழுள்ள சபைகளில், ஒரு விதவை இரண்டு முட்டை கொண்டுவந்தார்கள். மைக்கில் வாசித்த பெயர்களையும் தொகைகளையும் கேட்டுவிட்டு, முட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான் என் கதை.

கமிட்டியில் இருப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள். வேதாகமத்தில் லேவியராகமம் 19-ல், ஏழைகளுக்காக வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொல்லியிருக்கிறது. வயல்காரன் அறுத்துக் கட்டி, ஏழையைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால் கொடுக்கச் சொல்லவில்லை. ஓரத்தில் விட்டுவிட்டு அவன் போய்விட வேண்டும். அப்படி விட்ட கதிரைத்தான் வேதத்தில் வரும் ஏழை விதவை ரூத் தன் கையால் பொறுக்கினாள். அதனால் முதலில் பெயர் வாசிப்பதை நிறுத்துங்கள். பெயருக்குப் பதிலாக வரவு செலவை மாதாமாதம் பலகையில் ஒட்டுங்கள். ஏழைகளுக்கென்று வந்த காணிக்கையைத் தனியாக வையுங்கள். சுற்றுச்சுவர் கட்ட அதைத் தொடவே கூடாது. சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துக் காணிக்கைக்கு வைக்கும் பிடி அரிசியை விட்டுவிட்ட சபைகள் திரும்ப ஆரம்பியுங்கள். வருவதில் ஒரு பங்கைத் தேவையுள்ள வீட்டுக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை இருட்டினதும் ஒரே ஒரு ஆள் கொண்டுபோனால் போதும், கூட்டமும் போட்டோவும் வேண்டாம். 1903-ல் பாளையங்கோட்டையில், பின்னாளில் பேராயரான அசரியாவும் மற்றவர்களும் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்று உறுதியாக இருந்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு மைக் இல்லாமல் கொடுக்கத் தெரியாதா?

மலைநாட்டில் நாலு வருஷம்

பிடி அரிசி என்றதும் எழுதத் தோன்றியது. வேலைக்காக அய்சோலில் இருந்தேன். மிசோரம் சபைகளில் இதை 'புஹ்ஃபாய் தாம்' என்கிறார்கள், 1910-லிருந்து இருக்கிறது. வீட்டுக்கார அம்மா காய்ச்சலில் படுத்த அன்று நான்தான் கஞ்சி வைத்தேன். பாஷை தெரியாது. அவர்கள் படுக்கையிலிருந்தே விரல்களைக் குவித்துக் காட்டினார்கள், ஒரு பிடி எடுத்து வைத்தாயா என்று. ஊரில் என் அம்மா காட்டும் அதே கை. நான் அரிசி முழுவதையும் உலையில் போட்டிருந்தேன்.

மூத்தவள்

கணக்கு, பலகை எல்லாம் சரிதான் அண்ணாச்சி. அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது சபையிலிருந்து 14 பேர் வந்தார்கள். இரண்டு பாட்டு, நீண்ட ஜெபம். நானும் ஆமென் சொன்னேன், மனசார. கடைசியாக வெளியே போன, கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை தாத்தா வாசலில் இருந்த குடத்தை விரலால் தட்டிப் பார்த்தார். காலி. ஒன்றும் பேசாமல் இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். அம்மா எழுந்து நடக்கும்வரை தினமும் வந்தார். அவருக்கு அப்போது 70 வயதுக்கு மேல். தாத்தா இறந்த அன்று நான் ஊரில் இல்லை.

தேரிக்காட்டான், அந்தக் கோழி என்ன ஆயிற்று?

தேரிக்காட்டான்

அண்ணாச்சி சொல்வதை யோசிக்கிறேன். ஆனால் அந்த அண்ணனை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

அக்கா, அன்று ராத்திரி ஆச்சிக்குத் தெரியாமல் அவர்கள் வீட்டுப் பஞ்சாரத்தில் கோழியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் ஆச்சி எங்கள் வாசலில் நின்றார்கள். ஒரு கக்கத்தில் கோழி, இன்னொரு கையில் முட்டை. "காலையில வச்சிருக்கு. இதுவும் சாமிக்குள்ளதுதான்" என்று இரண்டையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.