அப்பாவுக்குக் கீமோ: ராத்திரியில் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறீர்கள்?

கொளத்தூர்_பையன்
அப்பாவுக்கு 73 வயது. பெருங்குடலில் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ ஓடுகிறது. 21 நாளுக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்ஸில் ஏற்றுவார்கள், கூடவே 14 நாள் கேபசிடபின் மாத்திரை, அப்புறம் 7 நாள் ஓய்வு. மொத்தம் எட்டு சுற்று. இரண்டாவது ஏற்றிய பத்தாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குத் தொட்டால் கொதிக்கிறது, 101. பாரசிட்டமால் கொடுத்தேன், வேர்த்து இறங்கியது, தூங்கிவிட்டார். காலையில் டிபன் முடித்து நிதானமாகக் கூட்டிப் போனால் டாக்டர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் படுமோசமாகக் குறைந்திருந்ததாம், ஆறு நாள் அட்மிஷன். காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் பேப்பரில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள், ஒருத்தரும் வாயால் சொல்லவில்லை.

சாயங்காலமே குளிர் எடுத்திருக்கிறது, அப்பா சொல்லவில்லை. அவரிடம் இன்னும் “குடலில் கட்டி” என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம், உண்மையைச் சொன்னால் உடைந்துவிடுவார் என்கிறாள் அக்கா. சாப்பாடும் இறங்கவில்லை, எல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறதாம், தண்ணீர் குடித்தால் தொண்டையில் முள் குத்துகிறதாம். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_அக்கா
தம்பி, முதலில் காய்ச்சல். 100.4 தாண்டினால் எந்த நேரமானாலும் கிளம்பிவிட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் பாரசிட்டமால் வேண்டாம், சூடு இறங்கும், கிருமி அப்படியே உள்ளே இருக்கும், நமக்குத்தான் தெரியாமல் போகும். மருந்து ஏறியதிலிருந்து ஏறக்குறைய 7 முதல் 14 நாள் வரைதான் அணுக்கள் ரொம்பக் கீழே போகும் காலம், அந்த வாரம் நான் ஊருக்குக்கூடப் போனதில்லை. கதவுப் பக்கத்தில் ஒரு பை தயாராக மாட்டியிருக்கும்: ஃபைல், கடைசி ரத்த ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, லுங்கி, துண்டு, சார்ஜர், கொஞ்சம் பணம். கேஷுவாலிட்டியில் நுழைந்ததும் “கீமோ பேஷண்ட், காய்ச்சல்” என்று சத்தமாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டோக்கன் போட்டு பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள்.

தொண்டையில் முள் குத்துவது அந்த ஆக்ஸாலிபிளாட்டின் வேலை, குளிர்ச்சி ஆகாது. ஏற்றிய பிறகு சில நாள் ஃபிரிட்ஜைத் திறக்கவே விடாதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீர்தான், பல் தேய்க்கக்கூட. இரும்பு ருசிக்கு எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். என் அம்மா மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கையே விட்டுவிட்டார், இரண்டு மணிக்கொரு தடவை அரை டம்ளர் கஞ்சி, சுட்ட அப்பளம், குழைந்த பருப்புச் சோறு, அவ்வளவுதான் இறங்கியது. உள்ளங்கை, பாதம் சிவந்து எரிந்தாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ தோல் உரியும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள், கேபசிடபினில் இரண்டும் வரும்.

மடிப்பாக்கம்73
இன்னொன்று, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டிலிலேயே உட்கார்ந்தார். அணுக்கள் குறையும் அந்த நாட்களில் வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். யாராவது பொடி, கஷாயம் என்று கொண்டுவந்தால் டாக்டரிடம் காட்டாமல் ஒரு ஸ்பூன்கூட வேண்டாம்.

வில்லிவாக்கம்_ரிட்டயர்ட்
அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் சார். நாங்களும் மறைத்தோம், “குடல் டாக்டரைப் பார்க்கப் போகிறோம்” என்று ஆட்டோ பிடித்தோம். சென்னையில் ஆஸ்பத்திரி என்று சொல்லி “அடையாறு” என்றாலே ஆட்டோக்காரருக்குப் புரிந்துவிடும், முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் ஆரம்பித்த புற்றுநோய் ஆஸ்பத்திரி, பெயரிலேயே புற்றுநோய் இருக்கிறது. அப்பா போர்டைப் படித்தார், ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதம் வலித்தாலும் வாயைத் திறக்கவில்லை, நாங்கள் கவலைப்படுவோமாம். உங்கள் அப்பாவுக்கும் வெறும் கட்டிதானே, சாதாரணக் குளிர் ஜுரம்தானே என்று தோன்றியிருக்கும். எதற்கு மருந்து என்றே தெரியாதவர் எதைக் கவனித்துச் சொல்வார்?

தி.நகர்_மருமகள்
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மாமியாரிடம் சொன்ன பிறகு பத்து நாள் சாப்பிடவே இல்லை. ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நீங்களாகச் சொல்லாமல் டாக்டரை வைத்துச் சொல்லுங்கள்.

கொளத்தூர்_பையன்
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஓபியில் டாக்டரே சொன்னார், நானும் அக்காவும் பக்கத்தில் நின்றோம். அப்பா கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் “இன்னும் எத்தனை ஊசி பாக்கி?” என்றார். ஆறு. “ஒன்றுக்கு எவ்வளவு ஆகிறது?” என்று என்னைத்தான் கேட்டார், அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் தெர்மாமீட்டரைத் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் காலையும் மாலையும் எழுதுகிறார். பணத்துக்குத்தான் வழி தெரியவில்லை.

பெரம்பூர்_அக்கா
முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதா பாருங்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் வேண்டும். அடுத்த ஊசிக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு கவுண்டரில் போய்க் கேளுங்கள், காசு கட்டிய பிறகு போனால் வேலைக்கு ஆகாது.