நிரலிலிருந்து அழைக்கும் ஷெல் கட்டளை உபுண்டுவில் ஓடுகிறது, விண்டோஸில் ஓடவில்லை

கேள்வி (திருநகர், மதுரை):
மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை மொத்த வியாபாரம் செய்யும் என் சித்தப்பாவின் கடைக்காக, அன்றாட பில்களைப் பென்டிரைவில் நகலெடுத்து ஒரே பிடிஎஃப்பாக இணைக்கும் பைத்தான் நிரலை எழுதினேன். வீட்டிலுள்ள உபுண்டுவில் (லினக்ஸ்), ஷெல் கட்டளைகளை இயக்கும் பைத்தானின் ஓஎஸ்.சிஸ்டம் வழியே, கோப்பை நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளையை அழைத்தபோது பிழையின்றி ஓடியது. கடையின் விண்டோஸ் கணினியிலோ மூன்று நாள் பில்கள் நகலாகவே இல்லை. ஆனாலும் நிரல் ‘முடிந்தது’ என்றே காட்டியது. அதே கணினியின் பவர்ஷெல்லில் கையால் தட்டினால் ‘சிபி’ வேலை செய்கிறது. காரணத்தை விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (மேலூர்):
தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல்தான் ஷெல்; விண்டோஸில் பவர்ஷெல், சிஎம்டி என இரண்டு உண்டு. அங்கே ஓஎஸ்.சிஸ்டம் உங்கள் கட்டளையைப் பவர்ஷெல்லிடம் கொடுப்பதில்லை, சிஎம்டியிடம்தான் கொடுக்கிறது. ‘சிபி’ என்பது பவர்ஷெல்லுக்குள் ‘காப்பி-ஐட்டம்’ என்பதற்கு வைத்த மாற்றுப் பெயர் மட்டுமே. அப்பெயரில் தனி நிரல் எதுவும் அங்கு இல்லாததால் சிஎம்டிக்கு அது தெரியாது. கட்டளை தோற்றாலும் ஓஎஸ்.சிஸ்டம் ஓர் எண்ணைத் திருப்பித் தருவதோடு நின்றுவிடும். அந்த எண்ணைப் பார்க்காததால்தான் மூன்று நாள் தெரியாமல் போயிற்று. விண்டோஸுக்கு ‘காப்பி’ என்று பிரித்து எழுதலாமே என்று தோன்றும், அதைச் செய்யாதீர்கள். நகலெடுக்க ஷெல்லே வேண்டாம், பைத்தானின் ஷட்டில்.காப்பி2 இரண்டிலும் ஒரே மாதிரி இயங்கும்.

மறுமொழி (திருமங்கலம்):
மேலூர் நண்பர் சொன்னது சரி. ஆனால் பிடிஎஃப் இணைப்புக்குக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற வெளி நிரலை அழைத்தே ஆகவேண்டுமானால், அதன் பெயரே மாறும்: லினக்ஸில் ‘ஜிஎஸ்’, 64 பிட் விண்டோஸில் ‘ஜிஎஸ்வின்64சி’. ஷட்டில்.விச் கொண்டு எது இருக்கிறதென்று முதலில் தேடுங்கள். பிறகு கட்டளையை ஒரே சரமாக ஒட்டாமல், வெளி நிரலை இயக்கும் பைத்தானின் சப்பிராசஸ்.ரன்னுக்குப் பட்டியலாகக் கொடுங்கள். ‘மல்லிகை வரவு 12.பிடிஎஃப்’ என்ற கோப்பை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் உபுண்டு ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். சிஎம்டி ஒற்றை மேற்கோளைச் சாதாரண எழுத்தாகவே கருதி, இடைவெளி வரும் இடங்களில் பெயரை மூன்று துண்டாக்கிவிடும். பட்டியலாகக் கொடுத்தால் மேற்கோள் இடும் கவலையே உங்களுக்கு இல்லை. ஆனால் ஷெல் வழியே இயக்கச் சொல்லும் ‘ஷெல்=ட்ரூ’ சேர்க்காதீர்கள்; சேர்த்தால் லினக்ஸில் பட்டியலின் முதல் சொல் மட்டுமே கட்டளையாகும். ‘செக்=ட்ரூ’ என்பதை மட்டும் அவசியம் சேருங்கள், கட்டளை தோற்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நகலெடுப்பு உடனே சரியாயிற்று. இணைப்பில் மட்டும் ஷட்டில்.விச் ‘நன்’ (எதுவும் கிடைக்கவில்லை) என்றது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் இருந்த அடைவு, நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியலான பாத்தில் இல்லை. சேர்த்த பிறகும், ஏற்கெனவே திறந்திருந்த சாளரத்தை மூடித் திறந்தால்தான் நிரல் அதைக் கண்டது. நேற்றைய பில்கள் ஒரே பிடிஎஃப்பாக வந்துவிட்டன.