மார்ஃபின் மூளையின் நோயெதிர்ப்பைக் கூட்டுமா, குறைக்குமா?

இரவுவாசி:
அடுத்த வாரம் ஆய்வகக் கூட்டத்தில் எச்ஐவி, மார்ஃபின், மைக்ரோக்ளியா (மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள்) பற்றி நான் பேச வேண்டும். படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. வைரஸை எதிர்க்கச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரானை மார்ஃபின் அமுக்கிவிடுகிறது என்கிறது ஒரு கட்டுரை. அதே மார்ஃபின் மூளையில் அழற்சியைக் கிளப்புகிறது என்கிறது இன்னொன்று. எந்தப் பக்கம் நிற்பது?

செல்காரன்:
இரண்டு பக்கமும் நிற்கலாம். வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கும் வேலை வேறு, மற்ற செல்களை உதவிக்குக் கூப்பிடும் வேலை வேறு. முதலாவது இன்டர்ஃபெரான் வழி. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் மார்ஃபின் தணிப்பது இதைத்தான். இரண்டாவது சிசிஎல்2, ஐஎல்-6 என்ற சமிக்ஞைப் புரதங்கள் வழி. எச்ஐவியின் டாட் புரதத்தோடு மார்ஃபினையும் சேர்த்து மூளையின் துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குக் கொடுத்தால், டாட் மட்டும் கொடுத்ததைவிட இவை எகிறும். சிசிஎல்2 இருக்கும் திசை பார்த்து ரத்தத்திலிருந்து மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் மூளைக்குள் வரும், சில வைரஸைச் சுமந்தபடியே. கடைசியில் அடிபடுவது நியூரான் என்ற நரம்புச் செல். எச்ஐவி அதற்குள் நுழைவதில்லை. ஆனாலும் டாட்டும் மார்ஃபினும் சேர்ந்த எலி மூளையில் நியூரானின் கிளையான டென்ட்ரைட்டில் சமிக்ஞை வாங்கும் நுண்முட்கள் குறைந்துபோகின்றன.

கட்டுரையில் முதலில் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். மார்ஃபினைத் தடுக்கும் நலோக்சோன் சேர்த்த செல்வளர்ப்புக் குழிகள் இருக்கின்றனவா? மார்ஃபின் ஒட்டும் மியூ ஏற்பி வழியாகத்தான் நடக்கிறது என்றால் அங்கே விளைவு அடங்க வேண்டும். நலோக்சோன் டிஎல்ஆர்4 என்ற, கிருமியை உணரும் ஏற்பியையும் தொடும் என்கிறார்கள், அதனால் மியூவை மட்டும் அடைக்கும் சிடிஏபி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் நச்சு. மருந்துக் கரைசலில் அது துளி இருந்தாலும் போதும், மைக்ரோக்ளியா நீட்டியிருந்த கிளைகளை உள்ளிழுத்து உருண்டுபோய் ஐஎல்-6 கொட்டத் தொடங்கும். பழி மார்ஃபின் மேல் விழும்! மார்ஃபினே டிஎல்ஆர்4-ஐத் தூண்டுகிறது என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் இன்னும் மனம் ஒப்பவில்லை.

இரவுவாசி:
சரி, இது புரிகிறது. ஆனால் ஏஆர்டி என்ற எச்ஐவி மாத்திரையால் ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்கு இறங்கியவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

செல்காரன்:
பொருந்தும், அதுதான் தொல்லை. அந்த மாத்திரைகள் புதிய செல்லுக்குத் தொற்று பரவுவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே மரபணுவுக்குள் ஒட்டிக்கொண்ட வைரஸ் டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுக்கப்படுவதை அவை நிறுத்துவதில்லை. ஆகவே புது வைரஸ் பரவாவிட்டாலும் டாட் கசிந்துகொண்டிருக்கலாம். மைக்ரோக்ளியா நீண்ட ஆயுள் உள்ளவை, சீக்கிரம் செத்தும் ஒழியாது.

வார்டு மருத்துவர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் மார்ஃபின் வகைப் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும், அதே வகை மருந்தான மெதடோனையும் நிறுத்திவிடலாமே" என்று யாராவது கிளம்புவார்கள். கூடாது. அந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஏஆர்டி மாத்திரையையும் இன்னும் ஒழுங்காக எடுக்கிறார்கள். ஊசி பகிர்வதும் குறைகிறது. மேலும் ஓபியாய்டு என்ற மார்ஃபின் வகை மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. அதே சிகிச்சைக்குத் தரும் பியூப்ரெநார்ஃபின் மியூ ஏற்பியை அரைகுறையாகத்தான் தூண்டும். வளர்ப்புச் செல்களில் அது சிசிஎல்2-ஐத் தேடி மோனோசைட் நகர்வதைக் குறைத்தே காட்டியிருக்கிறது. உங்கள் ஸ்லைடில் மொத்தமாக 'ஓபியாய்டு' என்று போடாமல், எந்த மருந்து, எந்தச் செல், எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள்.

இரவுவாசி:
தலைப்பையே மாற்றுகிறேன். சிடிஏபி வைத்த கட்டுரை ஏதாவது கிடைக்கிறதா என்று இப்போதே தேடப் போகிறேன்.