வானியற்பியலுக்கு முதலில் வேண்டியது பைத்தானா, மின்காந்தவியலா?

கார்த்திகை:
எம்.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு மாணவன். விடுமுறை இரண்டு மாதம். "மின்காந்தவியலை மறுபடி படி" என்கிறார் பேராசிரியர். "பைத்தான் நிரல்மொழியும் லினக்ஸ் இயங்குதளமும் தெரியாமல் ஆராய்ச்சிக்கு வந்துவிடாதே" என்கிறார் சீனியர் அக்கா. யார் பேச்சைக் கேட்பது?

மீன்கொத்தி:
அக்கா பேச்சை. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து முதல் ஆறு மாதம் நான் பார்த்தது வானத்தை அல்ல, கட்டளை தட்டும் கறுப்புக் கணினித் திரையைத்தான். 2007இல் அறிவிக்கப்பட்ட முதல் வேக ரேடியோ வெடிப்பை (வானிலிருந்து நொடிப்பொழுதில் வந்து மறையும் ரேடியோ அலை) ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 2001இலேயே பதிவு செய்திருந்தது. சில மில்லிவிநாடித் துடிப்பு. ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. பழைய தரவை நிரலால் சலித்தபோதுதான் அகப்பட்டது.

சுண்ணக்கட்டி:
சலித்தது நிரல், சரி. சல்லடையின் கண் அளவைச் சொன்னது எது? விண்வெளியில் திரியும் எலக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண் அலையைக் கூடுதலாகத் தாமதப்படுத்தும். தாமதம் அதிர்வெண்ணின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) எதிர்விகிதம். அந்த நிரலுக்கு உயிரே அதுதான். தம்பி, உன் பேராசிரியர் படிக்கச் சொன்னதும் இதே பாடத்தைத்தான்.

இன்னொன்று. 1967இல் ஜோசலின் பெல் முதல் பல்சாரை (சுழன்றபடி சீராக ரேடியோ துடிப்பு அனுப்பும் நியூட்ரான் விண்மீன்) கண்டது கணினியில் அல்ல. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வரைபடக் காகிதத்தைக் கண்ணால் பார்த்தார். நட்சத்திரங்களோடு சேர்ந்து தினமும் 4 நிமிடம் முன்னதாக வரும் ஒரு கிறுக்கல் அவரை உறுத்தியது. அன்றைக்கு ஒரு வடிகட்டி நிரல் இருந்திருந்தால் 'குறுக்கீடு' என்று அதைக் குப்பையில் போட்டிருக்கும்.

மீன்கொத்தி:
ஐயா, 30 மீட்டர் காகிதத்தைக் கண் தாங்கும். சிலியில் உள்ள ரூபின் ஆய்வகம் ஓர் இரவுக்கு 'வானில் இங்கே ஏதோ மாறியிருக்கிறது' என்னும் அறிவிப்புகளை 1 கோடி வரை அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டது. அதற்கு எத்தனை ஜோசலின் பெல்களைத் தேடுவீர்கள்? வடிகட்டி எழுதத் தெரியாதவர், வேறொருவர் எழுதிய வடிகட்டி எதை எறிந்தது என்பதையும் அறியமாட்டார்.

சுண்ணக்கட்டி:
கடைசி வாக்கியத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பார்க்ஸில், வேக வெடிப்பைப் போலவே தாமதம் காட்டிய 'பெரிட்டான்' சைகைகள் நிரலை ஏமாற்றின. வானத்தின் வெவ்வேறு இடங்களைப் பார்க்கும் 13 கற்றைகளிலும் ஒரே சமயத்தில் தெரிந்ததால், இது வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து வந்ததல்ல என்று மனிதர்கள் சந்தேகித்தார்கள். 2015இல் குட்டு உடைந்தது: ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்த மைக்ரோவேவ் அடுப்பு!

மீன்கொத்தி:
அடுப்பு பிடிபட்டது எப்படி? புதிதாகப் பொருத்திய குறுக்கீட்டுக் கண்காணிப்புக் கருவியின் பதிவில், அதே நொடிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் சைகை இருந்தது. இரண்டு தரவுகளையும் யாரோ நிரலில்தானே பொருத்திப் பார்த்திருப்பார்கள்?

நெய்தல்:
இருவரும் சண்டையைத் தொடருங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். வல ஏற்றம் (வானத்தில் ஒரு பொருளின் இடத்தைச் சொல்லும், தீர்க்கரேகை போன்ற அளவு) மணிக்கணக்கில் இருக்கும். பாகையாக்க 15ஆல் பெருக்க வேண்டும். பெருக்காமல் விட்டேன். நிரல் ஒரு பிழைச்செய்தியும் காட்டாமல் மூன்று வாரம் வெற்று வானத்தை அளந்து எண்களைக் கொட்டியது. பைத்தான் எனக்கு நன்றாகவே தெரியும்.

கார்த்திகை, ஒரு பயிற்சி. வேலா பல்சாரின் சிதறல் அளவு (அலை வரும் வழியில் எவ்வளவு எலக்ட்ரான் இருக்கிறது என்பதைக் காட்டும் எண்) சுமார் 68. 300, 500 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு இடையே எவ்வளவு தாமதம்? முதலில் காகிதத்தில், பிறகு நிரலில்.

கார்த்திகை:
இரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். காகிதத்தில் ஏறத்தாழ 2 விநாடி வந்தது. நிரலோ 2006 விநாடி என்கிறது! பல்சார் 89 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சுற்றுவதால் 2 விநாடிக்கே 22 சுற்று ஆகிறது. அரை மணி நேரத்துக்கும் மேல் என்பதை நம்ப முடியவில்லை.

மீன்கொத்தி:
தாமதச் சூத்திரத்தில் 4.15 என்ற மாறிலியை வைத்திருப்பீர்கள். அதிர்வெண்ணைக் கிகாஹெர்ட்ஸில் கொடுத்தால் அது மில்லிவிநாடியில் விடை தரும். ஆயிரத்தால் வகுத்து, நிரலை இங்கே போடுங்கள்.

சுண்ணக்கட்டி:
காகிதத்தையும் படம் எடுத்துப் போடு, தம்பி.