அம்மாவுக்கும் மகளுக்கும் புதுப் புத்தகங்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மதுரை பக்கத்துத் திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து, ஊசிநூலால் தைத்து வைத்துப் படித்தவர். கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் மறுபடி படிக்கிறார். மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளை அடையாளம் வைத்து, நாளைக்கு நாலு பக்கம். அவருக்குக் கடந்த இரண்டு மூன்று வருஷத்தில் வந்த நாவல்கள் வேண்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் புண்ணியம்.

மகள் ஐந்தாம் வகுப்பு. கீழடி அருங்காட்சியகம் போய் வந்ததிலிருந்து ஓயாத கேள்விதான். பானை ஓட்டில் பேர் கீறியது யார், அந்தக் காலத்துப் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள் என்று துளைக்கிறாள். அங்கே பார்த்த பகடைக்காயையும் வட்டச் சில்லையும் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். பத்து வயதுக்குப் புரிகிற அகழாய்வு நூல் இருக்கிறதா? கதையாக இருந்தாலும் சரி, தகவல் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மாதம் ஒருமுறை போகிறோம். குழந்தைகள் பிரிவிலிருந்து அவளைக் கிளப்புவதே பெரும்பாடு. ஆனால் அலமாரி முன்னால் நின்றால், நான் தெரிந்த எழுத்தாளர்களையே தேடுகிறேன். புதியவர்கள் கண்ணில் படாமலே போகிறார்கள்.

அதனால் அக்கா, அண்ணன்மாரே, புத்தகத்தின் பேர், பதிப்பகம், அப்புறம் உங்களுக்கு ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா தொடங்குவதற்குள் பட்டியல் போட்டுவிடலாம்.