யூனோஸ் ரோட்ஸ்டருக்கு ஹெடர் மாற்ற வேண்டும்: 4-2-1 ஆ, 4-1 ஆ? காலையில் டிக் டிக் சத்தமும் இருக்கிறது

நிலாவெளி ரோட்ஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1990 யூனோஸ் ரோட்ஸ்டர் (மஸ்டா எம்எக்ஸ்-5இன் ஜப்பான் பெயர்) இருக்கிறது. 1.6 லீட்டர் பி6 எஞ்சின், மெனுவல் கியர், இதுவரை எஞ்சினில் எதையும் மாற்றவில்லை. கார் நிற்பது திருகோணமலை நிலாவெளி வீதியில், இரவில் அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில். இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணின உடனே வலது பக்கத்தில் இருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறது, ஐந்தாறு நிமிடம் ஓடி எஞ்சின் சூடானதும் குறைந்துவிடும். கூரையை மடித்துவிட்டு மதில் ஓரமாக மெதுவாகப் போனால் மதிலில் பட்டுத் திரும்பி வந்து நன்றாகவே கேட்கிறது. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் அக்சிலேட்டரை அழுத்தினால் இன்னும் கூடுகிறது.

ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைத் திறந்து அரை நிமிடம் கேட்டுவிட்டு, மெனிஃபோல்ட் (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்த் தொகுதி) வெடித்திருக்கும், அதற்குப் பதிலாகத் தனித்தனி நீளக் குழாய்களால் செய்த ஹெடர் ஒன்றைப் போட்டுவிடுங்கள், 20 குதிரைவலு கூடும் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து ஹெடர் தேடுகிறேன். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் ஜப்பான் பழைய 4-2-1 (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும்) ஒன்று இருக்கிறது. ஒன்லைனில் புதிய 4-1 (நான்கும் நேரே ஒன்றாகும்) ஒன்று மலிவாக வருகிறது, ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருக்கிறார்கள். இங்கேயே சாதாரண இரும்புக் குழாயில் வளைத்து ஒட்டித் தரலாம் என்று ஒரு வெல்டிங் கடையிலும் சொன்னார்கள். எதை எடுப்பது? குழாய் எவ்வளவு விட்டம் இருக்க வேண்டும்? போன முறை புகைப் பரிசோதனையில் காபன் மொனொக்சைட் எல்லைக்குக் கிட்டப் போய்த்தான் பாஸ் ஆனது, ஹெடர் போட்டால் அது இன்னும் கெடுமா?

ஓர்ஸ் ஹில்:

தம்பி, காசை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இந்த 1.6 எஞ்சினில் வால்வுக்கு எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ரோலிக் லிஃப்டர் இருக்கிறது, எண்ணெய் பழையதானால் அதுவும் காலையில் இதே மாதிரித்தான் டிக் டிக் என்று அடிக்கும். அரை அங்குல இறப்பர்க் குழாய் ஒரு மீட்டர் எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை முதலில் வால்வு மூடிக்கு மேலேயும், பிறகு மெனிஃபோல்ட் பக்கமும் கொண்டு போங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் கவனம். லிஃப்டர் சத்தம் மேலே கேட்கும். புகை கசிந்தால் மெனிஃபோல்ட் பக்கத்தில் பஃப் பஃப் என்று காற்று அடிக்கிற மாதிரி இருக்கும். ஏற்றத்தில் கூடுகிறது என்று சொல்வதைப் பார்த்தால் கசிவு என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் கசிவு என்றால் மெனிஃபோல்ட் வெடித்தது என்றே அர்த்தம் இல்லை, இடையில் வைக்கிற கேஸ்கெட் தகடு எரிந்திருக்கலாம், அதைப் பிடிக்கிற ஸ்டட் ஆணி முறிந்திருக்கலாம்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறின பிறகு, வக்கியூம் கிளீனரின் காற்று வெளியே ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாலில் துணி சுற்றிப் பொருத்தி ஓட விடுங்கள். மெனிஃபோல்டைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். கசிகிற இடத்தில் நுரை பொங்கும், வேறு சாட்சி தேவையில்லை.

அந்த 20 குதிரைவலுக் கதையை நம்ப வேண்டாம். ஜப்பான் 1.6க்குக் கம்பனி சொல்வதே 120 பிஎஸ் (குதிரைவலு)தான். அதில் வருகிற மெனிஃபோல்டும் வார்ப்பு இரும்புக் கட்டி இல்லை, குழாய் வளைத்துச் செய்த நல்ல சாமான். வேறு எதையும் தொடாமல் ஹெடரை மட்டும் மாற்றினால் மிகக் கொஞ்சம்தான் கிடைக்கும். காற்று உள்ளே போகும் வழியில் கதவு மாதிரி ஒரு மடல் வைத்த அளவி இருக்கிறதே, அது இருக்கும் வரை எஞ்சின் வேகமாகச் சுழலும் மேல் சுற்றில் பெரிதாக எதுவும் திறக்காது.

இரவுப் பயணி:

நான் இதை ஏற்கவில்லை அண்ணை. ஹெடர் போட்டால் சத்தமே வேறு, அதற்காகவே போடலாம். நான் வைத்திருந்த சிவிக்கில் 4-1 போட்டு ஹபரணைப் பாதையில் ஓடினபோது வந்த சந்தோசம் எந்தக் கணக்கிலும் வராது.

ஓர்ஸ் ஹில்:

சந்தோசம் சரி. ஆனால் ரோட்ஸ்டரில் வெளியே கேட்கும் சத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பின்னால் இருக்கிற சைலன்சர். சத்தம்தான் வேண்டும் என்றால் அதை மாற்றுவது எளிது. அதையும் அளவோடு செய்யுங்கள், சந்தியில் பொலிஸ் மறிக்கிற அளவுக்கு வேண்டாம்.

கிண்ணியா வெல்டர்:

நான் இருபது வருடமாக ஒட்டுகிற ஆள், அதனால் உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சாதாரண இரும்பில் செய்தால் முதல் நாள் அழகாக இருக்கும், நிலாவெளிக் கடல் காற்றில் அடுத்த மழைக்குள் செதில் செதிலாக உரியத் தொடங்கிவிடும். நிறம் அடித்தாலும் அந்தச் சூட்டில் நிற்காது. துருப்பிடிக்காமல் இருக்கக் குழாயில் சூட்டு நாடா சுற்றுகிறேன் என்று சிலர் வருவார்கள், கரையோரத்தில் அதைச் செய்யவே வேண்டாம். நாடா ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே தின்னும், அவிழ்க்கிற அன்றுதான் குழாயில் ஓட்டை தெரியும்.

ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தால் எந்த ரகம் என்று கேளுங்கள். 304 என்றால் ஏறக்குறைய 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். 409 என்றால் நிக்கல் கிட்டத்தட்ட இல்லை, குரோமியம் 11 வீதமளவுதான், அது மேல்துரு பிடிக்கும். வாங்கப் போகும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டு போங்கள். 409இலும் இரும்பிலும் டக்கென்று ஒட்டும், 304 குழாயின் நேரான பகுதியில் ஒட்டாது. வளைவில் இலேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம், வளைக்கும்போது அப்படி ஆகும்.

304க்கும் ஒரு குணம் இருக்கிறது. சூட்டில் அது இரும்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். குழாய்களுக்கு விரிய இடம் இல்லாமல் இறுக்கி ஒட்டியிருந்தால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். மலிவான 4-1இல் வெடிப்பது பெரும்பாலும் நான்கு குழாயும் சேருகிற அந்த நடு இடத்தில்தான். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒட்டு உள்பக்கம் கருகி, கரடுமுரடாகச் சர்க்கரை மாதிரி இருந்தால், ஒட்டும்போது உள்ளே ஆர்கன் வாயு விடவில்லை. அதை வாங்காதீர்கள். எஞ்சினோடு பூட்டுகிற தட்டையான தகடு, அதாவது பிளேன்ஜ், 10 மி.மீ. தடிப்பாவது இருக்க வேண்டும். ஒரு நேரான இரும்பு அடிமட்டத்தை அதன் முகத்தில் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது, அப்படியே பூட்டினால் இன்றைக்கு இருக்கிற கசிவே திரும்ப வரும்.

கிழக்குக் காற்று:

4-2-1 எடுங்கள். சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2. அதில் 1உம் 4உம் ஒரு சோடி, 2உம் 3உம் ஒரு சோடி. ஒரு சோடிக்குள் ஒன்று பற்றி ஒரு முழுச் சுற்றுக் கழித்துத்தான் மற்றது பற்றும், அதனால் ஒன்றின் புகை மற்றதன் வழியை மறிக்காது. போகிற புகை பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பலன் நடுச் சுற்றில், நிமிடத்துக்கு 3000 முதல் 5000 சுற்று வரை தெரியும், நீங்கள் கந்தளாய்ப் பக்கம் ஒரு லொறியை முந்தப் போகிற இடம் அதுதான். 4-1 மேல் சுற்றுக்கு, ரேஸ் ஓடுகிறவர்களுக்கு. விட்டத்தைப் பெரிதாக்க வேண்டாம், 1.6க்கு 38 மி.மீ. போதும், 42க்கு மேல் போனால் புகையின் வேகம் குறைந்து கீழ்ச் சுற்று சோம்பிவிடும்.

இரண்டு விடயம் கவனியுங்கள். ஒன்று ஒட்சிசன் சென்சர். பெரும்பாலான 1.6களில் அது ஒற்றை வயர், உள்ளே சூடேற்றி இல்லை, புகையின் சூட்டில்தான் வேலை செய்யும். ஹெடரில் சென்சர் இடத்தை மிகக் கீழே வைத்திருந்தால் ஐடிலில் அது ஆறிப்போகும், பெற்றோல் அளவு தடுமாறும். அப்படியானால் சூடேற்றி உள்ள நான்கு வயர்ச் சென்சர் போட வேண்டி வரும். மற்றது, நம்முடையவை வலப்பக்க ஸ்டியரிங், புகைக் குழாயும் அதே பக்கம். இடப்பக்க ஸ்டியரிங்கை நினைத்துச் செய்த ஹெடர் ஸ்டியரிங் தண்டில் உரசும். பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கும் சூடு அடிக்கும், பழைய சூட்டுத் தகடு பல ஹெடர்களுக்குப் பொருந்தாது. தகடு இல்லாமல் ஓட வேண்டாம்.

உங்கள் புகைப் பரிசோதனைக் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கலாம். கசிவு சென்சருக்கு முன்னால் இருந்தால் வெளிக்காற்று அதற்குள்ளால் இழுபடும். சென்சர் ஒட்சிசன் கூட என்று சொல்லும், கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும், காபன் மொனொக்சைட் ஏறும். புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டர் இந்தக் காரில் தள்ளிக் கீழே இருக்கிறது, ஹெடர் மாற்ற அதைத் தொடத் தேவையில்லை. யாராவது அதையும் கழற்றுவோம் என்று சொன்னால் விடாதீர்கள்.

நிலாவெளி ரோட்ஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. போன ஞாயிறு காலையில் ஆறின எஞ்சினில் வக்கியூம் கிளீனர் வைத்துப் பார்த்தேன். நான்காவது சிலிண்டர் பக்கம், பின் மூலையில், சின்னச் சின்னதாக நுரை வந்துகொண்டே இருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் கறுப்பாகக் கரி கோடு விழுந்திருக்கிறது, பக்கத்தில் நட்டே இல்லை, ஸ்டட் உள்ளுக்குள் முறிந்து கிடக்கிறது. மற்ற நட்டுகளுக்கு மூன்று நாளாக மாலையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இன்று மெதுவாகக் கழற்றினேன். மெனிஃபோல்டில் வெடிப்பு ஒன்றும் இல்லை. பிளேன்ஜ் அந்தப் பக்கம் கொஞ்சம் வளைந்திருக்கிறது, வெல்டர் நானா சொன்ன மாதிரி அடிமட்டம் வைத்ததும் வெளிச்சம் தெரிந்தது.

லேத் கடையில் முறிந்த ஸ்டட்டை எடுத்து, பிளேன்ஜையும் மட்டமாக்கிக் கொடுத்தார்கள். புதுக் கேஸ்கெட், எல்லா ஸ்டட்டும் புதிது. பின்னேரம் ஸ்டார்ட் பண்ணினேன், சத்தம் இல்லை. பஞ்சிகாவத்தை 4-2-1ஐக் காந்தத்தோடு போய்ப் பார்க்கத்தான் போகிறேன், ஆனால் இப்போது அவசரம் இல்லை. சூடானதும் நட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்க வேண்டுமா?

கிண்ணியா வெல்டர்:

சூட்டோடு தொட வேண்டாம் தம்பி. நாலைந்து தரம் ஓடி ஆறட்டும், பிறகு காலையில் குளிர்ந்த எஞ்சினில் நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி, கார் கையேட்டில் போட்டிருக்கிற இறுக்க அளவுக்குள் பாருங்கள். பின் மூலை நட்டைக் கடைசியாகப் பிடியுங்கள், முறிந்தது அங்கேதானே.